கறியால் வந்ததல்ல அந்தக் கடி

இங்கிலாந்தின் வடபகுதியில் ஃபெரெட் குட்டி வாங்கி வந்தவருக்கு அக்கம்பக்கத்திலிருந்து மூன்று புத்திமதிகள் இலவசமாகக் கிடைக்கும். பச்சைக்கறி போடாதே, ரத்த ருசி கண்டுவிட்டால் உன் விரலையே பதம் பார்க்கும். வயிறு முட்டத் தீனி வைக்காதே, பசி இருந்தால்தான் உன் வழிக்கு வரும். கடித்தால் மூக்கில் ஒரு சுண்டு சுண்டு, வலித்தால்தான் புத்தி வரும். முயல் வேட்டைக்கு ஃபெரெட் வளர்த்த தாத்தாக்கள் சொன்னவை இவை. வேட்டை குறைந்து, ஃபெரெட் வீட்டுக்கூடத்துக்குள் செல்லப்பிராணியாக நுழைந்த பிறகும் இந்த மூன்றும் பின்னாலேயே வந்துவிட்டன. மூன்றும் தவறு. வெறும் தவறாக இருந்தால் விட்டுவிடலாம். எந்தக் கடிக்குப் பயந்து இவற்றைச் சொல்கிறார்களோ, அந்தக் கடியை உண்டாக்குவதே இவைதான். ஆகவே விட முடியவில்லை.

ஃபெரெட்டைப் பார்த்திராத வாசகருக்குச் சில வரிகள். பார்வைக்குக் கீரியின் நீண்ட உடலும் குட்டைக் கால்களும். ஆனால் கீரிக்கு உறவில்லை; காவிரியில் மீன் பிடிக்கிற நீர்நாயின் குடும்பம். பெண் பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள் நின்றுவிடும். ஆண் ஒன்றிலிருந்து இரண்டு கிலோ வரை போகும். ஐரோப்பியக் காடுகளில் வாழும் போல்கேட் என்ற விலங்கைப் பழக்கி மனிதன் உருவாக்கிய இனம் இது. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் எழுதிய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ, ஸ்பெயினை ஒட்டிய தீவுகளில் முயல் தொல்லை பெருகியபோது, வாய்க்கூடு மாட்டிய இத்தகைய விலங்கை வளைக்குள் விட்டு முயலை வெளியே துரத்தியதைக் குறித்து வைத்திருக்கிறார். அப்போதே வாய்க்கூடு. இந்த விலங்கின் வாயைப் பற்றிய பயமும் அதை வளர்க்கும் பழக்கமும் சேர்ந்தேதான் நம்மிடம் வந்திருக்கின்றன.

அந்தப் பயம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு இங்கிலாந்தின் பழைய வேட்டைப் பழக்கங்களே சாட்சி. வளைக்குள் முயலைக் கொன்று தின்றுவிடக் கூடாதென்று ஃபெரெட்டின் உதடுகளை நூலால் தைத்தவர்கள் உண்டு. பல்லை உடைத்தவர்களும் உண்டு. இவற்றோடு ஒப்பிட்டால் சாதுவாகத் தெரியும் இன்னொரு வழக்கம்தான் நெடுங்காலம் நிலைத்தது: பாலில் ஊறிய ரொட்டி. குட்டி தாயைப் பிரிந்த நாளிலிருந்து அதற்கு அதுதான் சாப்பாடு. ரொட்டியும் பாலும் மலிவு என்பது ஒரு காரணம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். சுரங்கக் கூலியில் குடும்பம் நடத்தியவர்கள் ஃபெரெட்டுக்கென்று கறி வாங்கியிருக்க முடியாது. ஆனால் ஏழ்மையை ஏழ்மையாகச் சொல்லாமல், கறி கொடுத்தால் குணம் கெட்டுவிடும் என்று அதற்கு ஒரு தத்துவம் கட்டினார்கள். ஏழ்மை போய்விட்டது, தத்துவம் மட்டும் தங்கிவிட்டது.

இந்தத் தத்துவம் நமக்கும் புதிதல்ல. பச்சைக்கறி போட்டால் நாய்க்கு வெறி ஏறும் என்று நம் ஊர்களில் சொல்லாதவர் குறைவு. காவல் நாய்க்கு அரை வயிறு போட்டால்தான் ராத்திரி விழித்திருக்கும் என்பார்கள். கடல் கடந்து இரண்டு ஊர்களில் ஒரே நம்பிக்கை இருப்பதால் அது உண்மையாகிவிடாது. மாமிசம் தின்னும் விலங்கைக் கண்டு மனிதனுக்கு உள்ள பயம் எங்கும் ஒன்றுதான் என்பதைத் தவிர அதிலிருந்து எதுவும் தெரிவதில்லை.

முதலில் கறியை எடுத்துக்கொள்வோம். ஃபெரெட்டின் குடல் மிகக் குட்டையானது. பெருங்குடல் தொடங்கும் இடத்தில் நமக்கும் முயலுக்கும் இருக்கிற குடல்வால் பை அதற்குக் கிடையாது. நார்ச்சத்தை நொதிக்க வைத்துச் சத்தெடுக்கும் ஏற்பாடே அதன் உடம்பில் இல்லை. தின்றது 3 முதல் 4 மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிடும். இந்தக் குறுகிய நேரத்தில் அதனால் சத்தாக மாற்றிக்கொள்ள முடிவது விலங்குப் புரதமும் கொழுப்பும்தான். வளரும் குட்டியின் தீனியில் 35 சதவீதமாவது புரதம், 20 சதவீதமளவு கொழுப்பு வேண்டும். பாலில் ஊறிய ரொட்டி இதற்கு நேர் எதிர். மாவுச்சத்து மிகுதி, புரதம் சொற்பம். பாலிலுள்ள சர்க்கரை செரிக்காமல் வயிற்றுப்போக்கு வேறு. ஃபெரெட் நாறும், அசுத்தம் செய்யும் என்ற கெட்ட பெயரில் பாதியாவது இந்தச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தது.

அப்படியானால் அந்தக் காலத்து ஃபெரெட்டுகள் எப்படிப் பிழைத்தன என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வேட்டை முடிந்து முயலைக் கிழித்துக் குடலெடுக்கும்போது ஈரலை ஃபெரெட்டுக்குப் போடுவது அதே தாத்தாக்களின் வழக்கம்தான். வாரம் முழுவதும் ரொட்டியில் இளைத்ததை அந்த ஈரல் தாங்கிப் பிடித்தது. இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. சூடு ஆறாத முயல் ஈரலை ரத்தத்தோடு தின்ற அந்த விலங்கைத்தான் அவர்கள் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். ரத்த ருசி குணத்தைக் கெடுக்கும் என்றால் அந்தக் கோட்டுப் பைக்குள் கை விட்டிருக்க முடியுமா? தங்கள் கையே தினமும் மறுத்த ஒரு நம்பிக்கையை அவர்களின் வாய் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

குட்டியின் வளர்ச்சியைப் பார்த்தால் இந்த நம்பிக்கைக்கு நிற்க இடமே இருக்காது. பிறக்கும்போது ஃபெரெட் குட்டி சுமார் 10 கிராம்தான் இருக்கும். கண் மூடியிருக்கும், காது அடைத்திருக்கும். கண் திறக்க நான்கு, ஐந்து வாரமாகும். காது கேட்கவும் ஏறக்குறைய அவ்வளவு நாளாகும். பால் பற்களோ மூன்றாவது வார வாக்கிலேயே முளைத்துவிடும். தாய் கூட்டுக்கு இழுத்து வரும் இறைச்சியைக் குட்டிகள் கண் தெரியாமலே மோந்து, தடவி, மென்று பழகும். உலகத்தைப் பார்க்கும் முன்பே கறியைச் சுவைத்துவிட்ட பிறவி அது. கறி வெறியூட்டும் என்றால் தாய் தன் வயிற்றில் பிறந்தவற்றையெல்லாம் ஒரு மாதத்துக்குள் வெறியேற்றி விடுகிறது என்று சொல்ல வேண்டியிருக்கும்.

இங்கே நேரம் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. பலர் இதை அறியாமல் குட்டியின் ஆயுளையே குறுக்கிவிடுகிறார்கள். ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில் ரைமுண்ட் ஆப்ஃபெல்பாக் என்ற விலங்கியலாளர் ஃபெரெட் குட்டிகளின் மோப்பத்தை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். பிறந்த இரண்டாவது மாதத்துக்கும் மூன்றாவது மாதத்துக்கும் நடுவே எந்த இரையின் வாசனை பழகுகிறதோ, அதையே குட்டி பிறகு உணவென்று தேடுகிறது என்று அவர் கண்டார். அந்தக் காலத்தில் அறியாத வாசனை பிற்பாடு அதற்கு உணவாகவே தோன்றுவதில்லை. அமெரிக்காவில் அழிவின் விளிம்புக்குப் போய், 1987இல் வெறும் 18 மட்டுமே மிஞ்சி, கூண்டில் இனப்பெருக்கம் செய்து மீட்கப்பட்ட கருங்கால் ஃபெரெட் என்ற காட்டு உறவுக்காரனிடமும் இதே ஒழுங்கு தெரிந்தது. இளமையில் புல்வெளி நாய் என்ற கொறிவிலங்கின் இறைச்சி தின்று வளர்ந்தவை பிறகும் அதையே விரும்பின.

செல்லமாக வளர்ப்பவருக்கு இதன் பொருள் எளிது. எட்டு வாரக் குட்டி வீட்டுக்கு வரும் நாளில் அந்த ஜன்னல் திறந்திருக்கிறது. சில வாரங்களில் மூடத் தொடங்கும். அதற்குள் கோழிக்கறி, கோழி இதயம், ஈரல், முயல், தரமான உலர்தீனி என்று பலதையும் அறிமுகப்படுத்தியவரின் ஃபெரெட் வாழ்நாள் முழுவதும் பலதையும் தின்னும். ஒரே பாக்கெட் உலர்தீனியில் வளர்ந்தது, அந்தப் பாக்கெட் கடையில் கிடைக்காமல் போன நாளில் பட்டினி கிடக்கும். நோய்வாய்ப்பட்டு மெல்ல முடியாமல் கிடக்கையில் கறிச்சாற்றைக் கரண்டியில் நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தீனியென்று அதற்குத் தோன்றாததை அது எப்படித் தின்னும்? குணம் கெட்டுவிடுமென்று கறியைத் தள்ளிப்போட்டவர் தள்ளிப்போட்டது அந்த நாளின் மருந்தையும்தான்.

அடுத்தது பசி. பசித்தால் அடங்கும் என்பவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். தின்றது 3, 4 மணி நேரத்தில் கடந்துபோகும் உடம்புக்குக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை தட்டு வைத்தால், நாளின் பெரும்பகுதி அதன் வயிறு காலி. அதுவும் நான்கு மாதத்துக்குள் ஏறக்குறைய முழு அளவுக்கு வளர்ந்துவிடும் உயிர். அது வளரும் வேகத்துக்கு எப்போது திரும்பினாலும் தட்டில் ஏதாவது இருக்க வேண்டும்.

குட்டி தூங்கி எழுவதை அருகிலிருந்து பாருங்கள். போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டும்போதே உடம்பு வெடவெடவென்று நடுங்கும். குளிராலுமல்ல, பயத்தாலுமல்ல, தூக்கத்தில் இறங்கிய உடல்வெப்பத்தை நடுங்கித்தான் அது ஏற்றிக்கொள்கிறது. வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி. பிறகு பின்பக்கமாகவே நடந்து ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டு மலம் கழிக்கும். அது முடிந்த கையோடு மூக்கைத் தரையோடு தேய்த்தபடி தட்டைத் தேடி ஓடும். எழுந்ததிலிருந்து தட்டை அடைவது வரை சில நிமிடங்கள்தான். அந்தத் தட்டு காலியாக இருந்து, அதே நேரத்தில் சமையல் வாசனையோடு ஒரு கை கூண்டுக்குள் வந்தால்? ஃபெரெட்டுக்குக் கிட்டப்பார்வை, நெருங்கி வருவது எதுவென்று கண் சொல்லாது, மூக்குதான் சொல்லும். வெங்காயமும் கோழியும் மணக்கும் விரலை அது பல்லால் சோதித்துப் பார்க்கிறது. அந்தக் குட்டிக்கு மூர்க்கம் என்று பெயர் வைக்கிறோம். தட்டில் தீனி இருந்திருந்தால் அந்தச் சோதனையே நடந்திருக்காது.

வேட்டைக்காரர்களும்கூட இதில் ஒரே குரலில் பேசுவதில்லை என்பதைச் சொல்ல வேண்டும். பட்டினி போட்ட ஃபெரெட்டை வளைக்குள் விட்டால் அது முயலைத் துரத்தாது; உள்ளேயே கொன்று, தின்று, வயிறு நிறைந்து அங்கேயே தூங்கிவிடும்; பிறகு மண்வெட்டியோடு மணிக்கணக்கில் தோண்ட வேண்டும் என்று அனுபவசாலிகள் பலர் எச்சரித்து வந்திருக்கிறார்கள். பசி அடக்கம் தரும் என்பது வேட்டைக்கே பொருந்தவில்லை. வீட்டுக்கு எப்படிப் பொருந்தும்?

மூன்றாவதுதான் எனக்கு அதிகம் கோபம் வருவது. அடியாத மாடு படியாது என்று நம்மவர் சொல்வதை அங்கே மூக்கில் சுண்டுவதாகச் செய்கிறார்கள். சிலர் பிடரியைப் பிடித்துத் தூக்கி உலுக்குகிறார்கள். சிலர் தரையோடு அழுத்திப் பிடித்துக் கத்துகிறார்கள். இவர்கள் யாரும் குட்டிகள் ஒன்றோடொன்று விளையாடுவதை நின்று பார்த்ததில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒரு பிரசவத்தில் எட்டு குட்டி சாதாரணம். எட்டும் நாள் முழுக்க ஒன்றின் கழுத்தை ஒன்று கவ்வி இழுக்கும், புரட்டும், மேலே விழும். ஃபெரெட்டின் கழுத்துத் தோல் தடிப்பானது, அந்தக் கவ்வலைத் தாங்கும். கவ்வல் எல்லை மீறினால் கடிபட்டது கீச்சென்று கத்தும், விளையாட்டு நின்றுபோகும். எவ்வளவு அழுத்தினால் விளையாட்டு நிற்கும், எவ்வளவுக்குத் தொடரும் என்பதைக் குட்டி அந்தக் கூட்டத்தில்தான் கற்கிறது. கூட்டத்திலிருந்து சீக்கிரம் பிரித்து வந்த குட்டிக்கு அந்தப் பாடம் பாதியில் நிற்கிறது. மனிதத் தோல் மெல்லியது என்பது அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்காத செய்தி.

அதன் கடியில் இரண்டு வகை உண்டு. வாய் திறந்தபடி பக்கவாட்டில் துள்ளித் துள்ளி, க்ளுக் க்ளுக்கென்று தொண்டைக்குள் சிரிப்பதுபோல் ஒலியெழுப்பிக்கொண்டு வந்து கவ்வினால் அது விளையாட்டுக்கு அழைப்பு. பல் தோலில் படும், விட்டுவிடும். முதுகை வளைத்து, வால் முடி பாட்டில் கழுவும் பிரஷ்ஷைப் போல் சிலிர்த்து, சீறிக்கொண்டு கடித்தால் அது பயம். அந்தக் கடி ஆழமாக இறங்கும், விடாமல் பற்றிக்கொள்ளும். விளையாட்டுக்கு வந்த குட்டியின் மூக்கில் சுண்டினால் என்ன ஆகும்? உடம்பிலேயே அதிக உணர்ச்சியுள்ள இடத்தில், தான் சரியாகப் பார்க்க முடியாத ஒரு கை வேகமாக வந்து அடித்தது என்பது மட்டும் அதற்கு மிஞ்சும். அடுத்த முறை கை வரும்போது காத்திருக்காது, முந்திக்கொள்ளும். விட்டால் அடி விழும் என்பதால் விடவும் விடாது. முதல் வகைக் கடியை இரண்டாம் வகையாக மாற்றும் மிகச் சுலபமான வழி அதன் மூக்கில் சுண்டுவதுதான்.

தாயே பிடரியைக் கவ்வித்தானே தூக்குகிறது என்று ஒரு பதில் வரும். தூக்குகிறது, வெளியே ஊர்ந்து போன குட்டியைக் கூட்டுக்குக் கொண்டுவர. அந்தரத்தில் தொங்கவிட்டு உலுக்க அல்ல. நகம் வெட்டவும் தடுப்பூசி போடவும் கால்நடை மருத்துவர் பிடரியைப் பிடிக்கும்போது குட்டி தளர்ந்து கொட்டாவி விடும். அந்தச் சில நொடிகளுக்கு அது நல்ல பிடிதான். அதையே தண்டனையாக்கினால் மருத்துவரிடமும் அது அடங்காது.

நான் உதவிக்குப் போகும் ஃபெரெட் காப்பகத்துக்கு வரும் குட்டிகளில் பெரும்பாலானவற்றின் அட்டையில் காரணமாக ஒரே சொல்தான் எழுதியிருக்கும்: கடிக்கிறது. ஒரு வசந்த காலத்தில் வாழைப்பழ அட்டைப்பெட்டி ஒன்றில் பெண் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். இன்னும் தாயோடு இருந்திருக்க வேண்டிய வயது போலத் தெரிந்தது. அடிவயிறு ஒட்டியிருந்தது, வாலைச் சுற்றி முடி காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. பெட்டிக்குள் கிண்ணத்தில் நாய் பிஸ்கட், பால் தெளித்து. கூட வந்தவர் வெல்டிங் வேலைக்குப் போடுகிற தடித்த தோல் உறை மாட்டியிருந்தார். பெட்டியைத் திறந்தபோது குட்டி அந்த உறையின் கட்டைவிரலைப் பற்றிக்கொண்டது. கையைத் தூக்கியபோது கூடவே தொங்கியது.

காப்பகத்தை நடத்தும் பெண்மணி உறையை அப்படியே கழற்றிக் குட்டியோடு கூண்டுக்குள் வைத்துவிட்டார். பக்கத்தில் வெதுவெதுப்பான நீரில் குழைத்த பூனைக்குட்டித் தீனியும் அரைத்த கோழிக்கறியும். பிறகு கூண்டை மூடி, மேலே துணியைப் போட்டுவிட்டு எங்களை வெளியே அனுப்பினார். அன்றைக்குச் செய்த பழக்கம் அவ்வளவுதான். திரும்பிப் போய்ப் பார்த்தபோது தட்டு நக்கிச் சுத்தமாகியிருந்தது, குட்டி அந்த உறைக்குள் நுழைந்து தூங்கிக்கொண்டிருந்தது. அடுத்த நாட்களில் தட்டு காலியாகவே விடவில்லை. அது தூங்கி எழுந்து, வயிற்றைக் காலி செய்து, சாப்பிட்ட பிறகுதான் யாரும் கையை உள்ளே விட்டார்கள். உள்ளங்கையில் சால்மன் எண்ணெய் இரண்டு சொட்டு. விரல் நுனியில் ஒருபோதும் இல்லை; விரல் நுனியும் தீனியும் ஒன்றென்று அது கற்றுவிடக் கூடாது. அந்தக் குட்டி பற்றுவதை நிறுத்தி நக்கத் தொடங்கியது. சாதுவாக மாறிவிட்டது என்று கதை கட்ட மாட்டேன். கால் பெருவிரலைக் கண்டால் அதற்குப் பல காலம் சபலம்தான். ஆனால் தொங்கும் கடி திரும்ப வரவில்லை.

உடன்பிறப்புகளிடம் கற்கும் அந்தப் பாடத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதைத் தெரியாதவர்கள் குட்டிக்குப் பெரிய அநியாயம் செய்கிறார்கள். தலை வெளுத்தோ, நெற்றியிலிருந்து பிடரிவரை வெள்ளைப் பட்டை ஓடியோ இருக்கும் ஃபெரெட்டுகளில் பிறவிச் செவிடு மிக அதிகம். செவிட்டுக் குட்டிக்கு உடன்பிறப்பின் கீச்சொலி கேட்காது. அழுத்தம் எவ்வளவு என்ற பாடம் அதற்கு நடக்கவே இல்லை. பின்னாலிருந்து தூக்கினால் திடுக்கிட்டுக் கடிக்கும். அதனிடம் கத்துபவர் சுவரிடம் கத்துகிறார். அடிப்பவர், எதற்கென்று தெரியாத அடியை அடிக்கிறார். அதைத் தொடும் முன் தரையை மெல்லத் தட்டி அதிர்வால் வரவை அறிவிக்க வேண்டும், கையை மூக்குக்கு முன் காட்டி மோந்துபார்க்க விட வேண்டும். வேறு சூத்திரம் கிடையாது.

எதிர்த்தரப்பிடம் வலுவான வாதங்கள் இல்லாமலில்லை. ஃபெரெட் கைக்குழந்தையைக் கடித்துக் குதறிய சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. அதை மூடிமறைப்பது குற்றம். நடக்கத் தெரியாத குழந்தை இருக்கும் அறையில் ஃபெரெட்டைத் தனியே விடக் கூடாது, எவ்வளவு பழகியதானாலும். நியூசிலாந்தில் 1880களில் முயலை ஒழிக்கவென்று காட்டில் விட்ட ஃபெரெட்டுகள் பறக்கத் தெரியாத அந்நாட்டுப் பறவைகளை வேட்டையாடி இன்றுவரை நாசம் செய்கின்றன. 2002இலிருந்து அங்கே இனப்பெருக்கம் செய்யவும் விற்கவும் தடை. கலிஃபோர்னியாவிலும் செல்லமாக வைத்துக்கொள்ள அனுமதியில்லை. இதெல்லாம் நிரூபிப்பது ஃபெரெட் வேட்டை விலங்கு என்பதைத்தான். அதை நான் மறுக்கவே இல்லை. வேட்டை விலங்குக்கு வேட்டை விலங்கின் சாப்பாட்டைக் கொடு என்பதுதான் என் முதல் கோரிக்கையே. மனிதனைக் கண்டால் பகை என்பது வேறு விஷயம், சான்று அதற்கு நேர்மாறாக இருக்கிறது. 2012இல் ஹங்கேரிய ஆய்வாளர்கள் வீட்டு ஃபெரெட்டையும் காட்டினக் கலப்பினத்தையும் ஒப்பிட்டார்கள். வீட்டு ஃபெரெட் தன்னை வளர்த்தவரின் கண்ணை நாயைப் போல நெடுநேரம் பார்த்தது, அந்நியரைவிட அவரிடமே உணவு வாங்க விரும்பியது, மனிதன் கை காட்டிய திசையைப் புரிந்துகொண்டது. இந்த அளவுக்கு நம்மை நோக்கித் திரும்பி நிற்கும் ஒரு குட்டியை அடித்துத்தான் திருப்ப வேண்டுமா?

பழைய ரொட்டிப்பால் மறைந்துவிட்டதே, இன்னும் எதற்கு அதோடு மல்லுக்கட்டு என்று கேட்கலாம். மறையவில்லை, வேடம் மாறியிருக்கிறது. ஃபெரெட் படம் போட்ட பாக்கெட்டைத் திருப்பி மூலப்பொருள் பட்டியலைப் படியுங்கள்; சிலவற்றில் மக்காச்சோளமும் கோதுமையும் பட்டாணியும் முன்வரிசையில் நிற்கும். புரதம் 35 சதவீதம் என்று அட்டையில் இருக்கும், அதில் எவ்வளவு தாவரப் புரதம் என்று இருக்காது. தாவரப் புரதம் மிகுந்தால் சிறுநீரின் அமிலத்தன்மை குறைந்து சிறுநீர்ப்பையில் கல் சேரும். நாய்த்தீனி மலிவென்று அதையே போடுபவர்கள், பூனையைப் போல ஃபெரெட்டுக்கும் டாரின் என்ற சத்து தேவை என்பதை மறக்கிறார்கள். பழக்குவதற்குப் பரிசு என்று உலர்திராட்சை கொடுப்பது அமெரிக்காவில் பரவலாக இருந்த வழக்கம். ஃபெரெட்டுக்கு இனிப்பு பிடிக்கும், ஓடி வரும், வாங்கித் தின்னும். நடுவயதில் கணையத்தில் இன்சுலினைக் கொட்டும் கட்டி வந்து சர்க்கரை இறங்கி மயங்கி விழுவது அங்கே மிகச் சாதாரணமான நோய். மாவுச்சத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்குமென்று மருத்துவர்கள் பலர் சந்தேகிக்கிறார்கள். முழுதாக நிரூபணமாகும் வரை காத்திருந்து திராட்சை கொடுக்க வேண்டிய அவசியம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவித்த முட்டையின் மஞ்சள் கரு ஒரு துளி அதே வேலையைச் செய்யும்.

என் பக்கம் நிற்பவர்களிடமும் ஒரு சண்டை இருக்கிறது. கறிதான் சரி என்று கேட்டதும் சிலர் எலும்பில்லாத கோழி மார்பை மட்டும் வெட்டிப் போடத் தொடங்குகிறார்கள். தசையில் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. வேகமாக வளரும் குட்டி தன் எலும்பிலிருந்தே அதை உருவி எடுக்கும். கால் வளையும், முதுகெலும்பு முறியும். காட்டில் தாய் கொண்டுவருவது துண்டுக்கறியல்ல, எலும்பும் ஈரலும் குடலும் சேர்ந்த முழு இரை. முழுக் கோழிக்குஞ்சோ, எலும்போடு அரைத்த கறியும் அளவாக ஈரலுமோ கொடுக்க முடியாதவர் நல்ல பூனைக்குட்டித் தீனியை அடிப்படையாக வைத்துக்கொண்டு, கறியைக் கூடுதலாகத் தரட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குட்டிக்கு நிரந்தரப் பற்கள் முளைத்து முடியும் வரை உலர்தீனியை வெந்நீரில் ஊறவைத்தே கொடுக்க வேண்டும். மெல்ல முடியாத வயதில் கடினத் தீனியில் விட்டு, முக்கி முக்கி ஆசனவாய் வெளியே தள்ளிய குட்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

வளர்ப்பவருக்குச் சளிக்காய்ச்சல் இருந்தால் குட்டியைத் தூக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மனித இன்ஃப்ளூயன்சா வைரஸை 1933இல் லண்டனில் முதன்முதலாகப் பிரித்துக் காட்டியதே ஃபெரெட்டுக்கு அந்தக் காய்ச்சலைத் தொற்ற வைத்துத்தான். நம் காய்ச்சல் அதற்கும் தொற்றும், குட்டிக்கு அது கடுமை. நம் ஊரில் யாராவது ஆசைப்பட்டால் அவர்களுக்கு இன்னொன்று: 30 டிகிரியைத் தாண்டும் வெயிலை இது தாங்காது. சித்திரை மாதத்தில் மின்சாரம் போன ஒரு பிற்பகல் போதும்.

கடைசியாக ஒரு மறுப்பு எப்போதும் வரும். குட்டிக்குச் சரி, ஏற்கெனவே அடிபட்டு, பட்டினி கிடந்து, கடியைத் தொழிலாக்கிக்கொண்ட பெரிய ஃபெரெட்டை என்ன செய்வது, அதற்கு அடிதானே பாஷை என்பார்கள். அந்த பாஷையைச் சொல்லிக்கொடுத்தவர்கள்தான் இதைக் கேட்கிறார்கள். காப்பகங்களுக்கு வருபவற்றில் பல அப்படிப்பட்டவைதான். அவற்றுக்கும் வழி அதேதான், நாள்தான் கூடும். தட்டில் எந்நேரமும் தீனி. சாப்பிட்டு முடித்த பிறகே தொடுவது. பற்றிவிட்டால் கையை இழுக்காமல் வைத்திருப்பது, ஏனென்றால் இழுபடுவது இரை. வலியைப் பொறுத்துக்கொண்டு, வாயோரம் எண்ணெயைத் தடவி, அது நக்குவதற்காகத் தானே வாயைத் திறக்கும்வரை காத்திருப்பது. சிலவற்றுக்கு வாரங்கள், சிலவற்றுக்கு மாதங்கள். ஓரிரண்டு கடைசிவரை மாறுவதில்லை. அவற்றை உறை மாட்டிய கையோடு, அடிக்காமல், வயிறு நிறையத் தீனி போட்டு வைத்துக்கொள்கிறோம்.